சம்மனசு மீனுக்கு ஏற்ற தோழர் யார்?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. அம்பத்தூரில் காலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தேன். ஆவடியிலிருந்து உறவினர் இல்லத்துக்கு வந்திருந்த ஒரு தாய், தம் மகனின் தோளில் கைவைத்து என்முன் கொண்டுவந்து நிறுத்தினார். "ஐயா, செடி, கோழி, மீன் என்று இல்லப் பக்கத்தில் எழுதுகிறவர் நீங்கள்தாமே? இவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று நீங்களே கேளுங்கள்" என்றார்.

பையனுக்குப் பத்து வயதிருக்கும். சற்று நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, சம்மனசு மீன் மற்ற மீனைத் தின்னுமா?"

செய்தி இதுதான். அவன் புதுநன்மை வாங்கிய நாளில் மாமா ஒருவர் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியும், நான்கு ஏஞ்சல் மீன்களும் பரிசாகத் தந்தார். அவை அப்போது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருந்தன. பையன் தன் உண்டியல் பணத்தில் எட்டு நியான் டெட்ரா மீன்களை வாங்கிச் சேர்த்தான். நீலமும் சிவப்புமாக மின்னும் அச்சிறு மீன்களும், மெல்ல மிதந்து வரும் ஏஞ்சல்களும் ஆறு மாதம் ஒற்றுமையாகவே வாழ்ந்தன. பிறகு ஒருநாள் விடிந்ததும் எண்ணிப் பார்த்தால் நியான் ஆறு. மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் மூன்று. ஏஞ்சல் ஒன்றின் வாயில் நீல வால் நுனி நீட்டிக்கொண்டிருந்ததை அவன் கண்ணாலேயே கண்டான்.

தந்தைக்குக் கோபம். "இந்தப் பொல்லாத மீன்களைப் பருத்திப்பட்டு ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்றாராம். தாய்க்கோ செலவைப் பற்றிய கவலை. பையனுக்கு வேறொரு துயரம். தான்தான் அந்தச் சிறு மீன்களைக் காசு கொடுத்து வாங்கிவந்து இரையாக்கிவிட்டோம் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"தம்பி, மீன்மேல் குற்றமில்லை. உன்மேலும் குற்றமில்லை. சேர்க்கைதான் தவறு" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், அடுத்த வாரம் அவர்கள் இல்லம் சென்று செய்ததையும் இம்மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் இத்துயரம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடித் தொட்டி உள்ள வீடுகளில் பாதிக்குமேல் இக்கதையை ஏதேனும் ஒரு வடிவில் அறிந்தே இருக்கும்.

பெயரும் குணமும்

கடைக்காரர் இதனை ஏஞ்சல் என்பார். தமிழ் நூல்களில் தேவதை மீன் என எழுதுவர். நம் வீடுகளில் சம்மனசு மீன் என்கிறோம். விரிந்த சிறகும், அவசரமில்லாத நடையும் அப்பெயருக்குப் பொருத்தமானவையே. ஆனால் பெயர் மனிதர் இட்டது. குணம் இயற்கை இட்டது.

இம்மீன் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று வெளியைச் சேர்ந்தது. அங்கே மெல்ல ஓடும் நீரில், மூழ்கிய வேர்களுக்கும் நீர்ச்செடிகளின் தண்டுகளுக்கும் இடையே வாழ்கிறது. தட்டையான உடல் அவ்விடுக்குகளில் நுழைவதற்கு. உடலின் கறுப்புப் பட்டைகள் தண்டுகளின் நிழலோடு கலந்து மறைவதற்கு. மறைந்து நின்று என்ன செய்யும்? புழுவையும் பூச்சியையும் சிறு மீனையும் பிடித்துண்ணும். அழகென்று நாம் வியக்கும் அவ்வுருவம் ஒரு வேட்டைக்காரனின் உருவமே.

இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். நம் ஏரிகளில் மலிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டை இருக்கிறதே, 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அதுவும் ஏஞ்சலும் ஒரே குடும்பத்து மீன்கள். சிக்லிட் என்பது அக்குடும்பத்தின் பெயர். தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்வதும், குஞ்சுகளைக் காக்க எவரையும் எதிர்ப்பதும் இக்குடும்பத்தின் இயல்பு. ஏரி ஜிலேபியைப் பிடித்துப் பார்த்தவர்கள் அதன் முரட்டுத்தனத்தை அறிவர். அதே இரத்தம் கொஞ்சம் மெருகேறிச் சம்மனசிடமும் ஓடுகிறது என்க.

கடலில் வாழும் ஏஞ்சல் மீன்கள் வேறு குடும்பத்தவை. அவற்றுக்கு உப்புநீர் வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பவேண்டா.

நான்கு கேள்விகள்

எந்த மீனை ஏஞ்சலோடு சேர்க்கலாம் என்பதற்கு நீண்ட பட்டியலை மனனம் செய்யத் தேவையில்லை. பையனுக்கு நான் சொல்லித் தந்தவை நான்கே சொற்கள். நான்கும் 'வ' என்னும் எழுத்தில் தொடங்குவதால் மறக்கவும் மாட்டா: வாய், வால், வெப்பம், வளர்ச்சி.

முதலாவது வாய். ஏஞ்சலின் வாயில் நுழையக்கூடிய எந்த மீனும் அதற்குத் தோழனன்று, உணவே. நியான் டெட்ரா முழு வளர்ச்சியிலும் மூன்று, மூன்றரை சென்டிமீட்டரே வளரும், உடலும் மெலிந்தது. கப்பிக் குஞ்சும், சிறு இறாலும், ஊசிபோன்ற எந்தச் சிறு மீனும் இவ்வாறே. தோழனாக வருகிற மீன் ஐந்து சென்டிமீட்டர் அளவேனும் இருத்தல் வேண்டும். அல்லது உடல் திரண்டு விழுங்க முடியாததாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது வால். இங்கே கேள்வி திரும்புகிறது. ஏஞ்சல் பிறரைத் தின்னுமா என்பதுபோலவே, பிறர் ஏஞ்சலைக் கடிப்பாரா என்றும் கேட்கவேண்டும். அதன் நீண்ட சிறகுகளும் தொங்கும் நூல்போன்ற இழைகளும் சில மீன்களுக்குத் தாளாத ஆசையை மூட்டும். டைகர் பார்ப் எனப்படும் வரிப்புலிக் கெண்டை இதில் பேர்போனது. அது ஓடி வந்து சிறகைக் கிள்ளிவிட்டு ஓடும்; ஏஞ்சலோ விரைந்து திரும்ப இயலாதது. ஒரு வாரத்தில் சிறகு கந்தலாகும். புண்ணில் பூஞ்சணம் பற்றும். செர்ப்பே டெட்ராவும் இவ்வகையே. கறுப்புப் பாவாடை கட்டியதுபோல் இருக்கும் விடோ டெட்ராவும் எண்ணிக்கை குறைந்தால் கிள்ளத் தொடங்கும். முக்காடு போல நீண்ட சிறகுடைய ஏஞ்சல் வகைகளை வைத்திருப்போர் இதில் இருமடங்கு விழிப்பாயிருக்க வேண்டும்.

மூன்றாவது வெப்பம். ஏஞ்சலுக்கு 24 முதல் 30 பாகை வரையுள்ள வெதுவெதுப்பான நீர் உகந்தது. நம் சென்னைப் புறநகருக்கு இது நல்வாய்ப்பு. ஆண்டின் பெரும்பகுதி நீரைச் சூடாக்கும் கருவியே வேண்டியதில்லை. ஆனால் தங்க மீனுக்குக் குளிர்ந்த நீரே இதம். அதோடு அது மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிவிடும். தங்க மீனையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியில் வைத்திருப்பதைப் பல வரவேற்பறைகளில் காண்கிறோம். இரண்டில் ஒன்று எப்போதும் வருந்திக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை. நியானும் கடும் வெப்பத்தை விரும்புவதன்று.

நான்காவது வளர்ச்சி. நம் பையனை ஏமாற்றியது இதுதான். நாணய அளவில் வந்த ஏஞ்சல், ஆறேழு மாதத்தில் உள்ளங்கை அளவாகிறது. முதிர்ந்தபின் உடல் நீளம் மட்டும் பதினைந்து சென்டிமீட்டர் வரை போகும். மேல் சிறகு நுனியிலிருந்து கீழ்ச் சிறகு நுனிவரை அளந்தால் இருபதையும் தாண்டும். ஆறு மாதம் நண்பனாக இருந்தது ஏழாம் மாதம் தின்றது ஏன் என்று அவன் கேட்டான். முதல் ஆறு மாதமும் வாய் போதவில்லை, அவ்வளவே. எனவே மீன் வாங்கும்போது கண்முன் இருக்கும் அளவைப் பாராமல், ஓராண்டுக்குப் பின் இருக்கப்போகும் அளவை மனத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தொட்டியின் அளவு

தோழரைப் பற்றிப் பேசுமுன் வீட்டைப் பற்றிப் பேசவேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி இரண்டு கன அடி. அதாவது ஏறக்குறைய 56 லிட்டர். முதிர்ந்த ஏஞ்சல் ஓரடி உயரத்துக்குள் சிறகை விரித்துத் திரும்பவே முடியாது. அதில் நான்கு ஏஞ்சல்கள் என்பது ஒற்றை அறையில் நான்கு குடும்பங்கள் குடியிருப்பதை ஒக்கும்.

மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் 159 லிட்டர் ஆகிறது. ஏஞ்சலும் தோழரும் சேர்ந்து வாழ இதுவே போதுமான அளவு எனலாம். உயரம் ஒன்றரை அடிக்குக் குறையாதிருப்பது முக்கியம். நீரின் எடை மட்டும் 159 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கும். ஆகவே தாங்கும் மேசை உறுதியாக இருத்தல் வேண்டும்.

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவதும் நம்மிடையே உள்ள பெரும் பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. அதை நைட்ரைட் ஆகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட் ஆகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நல்ல முறையில் நடக்கும் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கிவந்து நம் வடிகட்டியில் வைத்தால் இக்காலம் குறையும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. குழாய் வாயிலும் பாத்திரத்திலும் வெள்ளைப் படிவம் விடுவதைக் கண்டிருப்பீர்கள். அமேசான் நீரோ மென்மையானது. ஆயினும் அஞ்சவேண்டா. நம் கைக்கு வரும் ஏஞ்சல்கள் அமேசானில் பிடிக்கப்பட்டவை அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தவை. ஓரளவு கடினமான நீரைப் பொறுத்துக்கொள்ளும். கடினம் மிகுந்திருந்தால் குடிநீருக்காக வீட்டில் வைத்திருக்கும் சுத்திகரிப்புக் கருவியின் நீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். அந்நீரை மட்டும் தனியே ஊற்றலாகாது. குளோரின் கலந்த குழாய் நீரானால், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் காற்றாட வைத்திருந்து ஊற்றுக. அவசரமெனில் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை அளவோடு கலக்கலாம்.

சேரத்தக்க தோழர்

இப்போது நான்கு கேள்விகளிலும் தேறிய மீன்களைக் காண்போம்.

தொட்டியின் நடுப்பகுதிக்கு டெட்ரா இனத்தில் சற்றே பெரியவை நல்லவை. எலுமிச்சை நிறமுள்ள லெமன் டெட்ரா, மூக்கு மட்டும் சிவந்த ரம்மிநோஸ், உடல் தடித்த டைமண்ட் டெட்ரா ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வகையை மட்டும் தேர்ந்து, எட்டு அல்லது பத்தாகச் சேர்த்து விடுக. முழுதும் வளர்ந்தவற்றையே கேட்டு வாங்குக. இவை கூட்டமாக வாழும் மீன்கள். இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் அஞ்சி ஒடுங்கும், அல்லது எரிச்சலில் பிறரைக் கடிக்கும். பல வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட ஒரு வகையில் பத்து வாங்குவதே அமைதிக்கும் அழகுக்கும் வழி.

தொட்டியின் அடித்தளத்துக்குக் கோரி எனப்படும் கோரிடோரஸ் கெளுத்தி. ஐந்தாறு சென்டிமீட்டர் அளவுள்ள சாதுவான மீன். உடல்மேல் கவசம்போன்ற தகடுகளும், சிறகில் முள்ளும் உடையதாகையால் ஏஞ்சல் அதைச் சீண்டாது. அடியில் விழும் உணவைத் தேடித் தின்னும். ஆறு கோரிகளும், அவற்றின் மீசை தேயாதிருக்க மென்மணலும் வேண்டும். ஆனால் கீழே விழும் மிச்சமே அதற்குப் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். விளக்கணைத்த பின் அமிழும் உணவு வில்லை இரண்டு மூன்று அதற்கெனப் போடவேண்டும்.

கண்ணாடியில் படியும் பாசிக்கு, மூக்கில் மீசை முட்கள் முளைத்திருக்கும் சிறிய சக்கர் ஒன்று போதும். அது பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டரோடு நின்றுவிடும். சாதாரணமாகக் கடைகளில் 'சக்கர்' என்று தரப்படும் பெரிய இனத்தை வாங்கலாகாது. விரலளவு வருவது முப்பது, நாற்பது சென்டிமீட்டர் வளரும். அதைவிடக் கேடானது, இரவில் உறங்கும் ஏஞ்சலின் தட்டையான விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் மேல் வழவழப்பை உறிஞ்சும் பழக்கம். காலையில் ஏஞ்சலின் உடலில் வெளிறிய திட்டுகளைக் கண்டு நோயென்று மருந்திடுவோர் பலர்; திருடன் அடியில் ஒட்டிக்கொண்டு படுத்திருப்பான்.

மேல்மட்டத்துக்கு முத்துக் கௌராமி இணையொன்று வைக்கலாம். சாந்தமான மீன், அளவிலும் ஒத்தது. நீர் கடினமாகவே இருக்கும் வீடுகளில் பிளாட்டியும் வாள்வால் மீனும் மோலியும் நன்கு வாழும். அவை இடும் குஞ்சுகள் ஏஞ்சலுக்கு இரையாகும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவையுங்கள்.

159 லிட்டர் தொட்டிக்கு நான் தரும் கணக்கு இது: ஏஞ்சல் நான்கு, டெட்ரா பத்து, கோரி ஆறு, சிறிய சக்கர் ஒன்று. இதற்குமேல் ஒரு மீனும் வேண்டா.

விலக்கத்தக்கவர்

ஆஸ்காரும் ஃபிளவர்ஹார்னும் அரோவானாவும் ஏஞ்சலையே விழுங்கவோ கொல்லவோ வல்லவை. ஃபைட்டர் நீண்ட சிறகோடு மெல்ல நகர்வது. அதற்கும் ஏஞ்சலுக்கும் ஆகாது. கப்பியின் வாலும் உடலும் ஏஞ்சலுக்குக் கவர்ச்சியான இரை. சிவப்பு வால் சுறா எனப்படும் கறுத்த மீன் தன் இடத்தை எவருக்கும் விடாது. டிஸ்கஸ் மீன் ஏஞ்சலின் நெருங்கிய உறவு. ஆனால் மெதுவாக உண்பது. ஏஞ்சல் முந்திக்கொண்டு தின்ன, டிஸ்கஸ் பட்டினியால் மெலியும். உறவு என்பதாலேயே ஒத்துப்போகும் என்பதில்லை. குடும்பத்தாருக்கு நான் இதை விளக்கவும் வேண்டுமோ?

மிஸ் கேரளா என்று விற்கப்படும் செங்கோட்டு மீன் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்குரியது. ஓட்டமுள்ள குளிர்ந்த நீரும் நீண்ட தொட்டியும் அதற்கு வேண்டும். இயற்கையில் அருகிவரும் இனம் என்பதையும் நினைவில் கொள்க.

கொளத்தூரில் வாங்கும்போது

நமக்கு ஒரு பேறு உண்டு. அம்பத்தூரிலிருந்து பாடி வழியாகச் சென்றால் எளிதில் அடையும் தொலைவில் கொளத்தூர் இருக்கிறது. வண்ண மீன் வளர்ப்புக்கு இந்திய அளவில் பெயர்பெற்ற ஊர் அது. பல பத்தாண்டுகளாக அங்கே குடும்பங்கள் வீட்டின் பின்புறத்திலும் மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்கின்றன. பிராணவாயு நிரப்பிய பைகளில் அவர்தம் மீன்கள் பல மாநிலங்களுக்குச் செல்கின்றன.

அங்கே செல்வோர் விலையை மட்டும் கேட்டுத் திரும்பக்கூடாது. "இது எவ்வளவு வளரும்? எந்த நீரில் வளர்ந்தது? என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மீனைத் தாமே வளர்த்தவர் மகிழ்ந்து விடை சொல்வார். விடை சொல்லாத இடத்தில் வாங்காதீர்கள். சிறகை ஒடுக்கி மூலையில் நிற்பது, நீர்மட்டத்தில் வாய்பிளந்து மூச்சு வாங்குவது, வயிறு ஒட்டியது ஆகியவற்றை விலக்குக. ஒரு தொட்டியில் இறந்த மீன் கிடந்தால் அத்தொட்டியிலிருந்து எதையும் வாங்கலாகாது.

புதிய மீனை மூன்று, நான்கு வாரம் வேறொரு சிறு தொட்டியில் தனித்து வைத்துப் பார்ப்பது நலம். பெரிய தொட்டியில் சேர்க்கும்போது பையை மூடியபடியே கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் எடுத்து விடுக. கடை நீரை ஊற்றலாகாது. தோழர்களை முதலில் குடியேற்றி ஏஞ்சலை இறுதியாக விடுதல் சிறந்த முறை. ஏஞ்சல் முன்னரே இருந்தால், கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்தபின் புதியவரைச் சேர்க்கவேண்டும். பழைய எல்லை கலைந்துபோக, எல்லாருமே புதிதாய்க் குடிவந்தவர் ஆகிவிடுவர். விளக்கை அன்று முழுதும் அணைத்து வையுங்கள்.

கோடையில் இரண்டு எச்சரிக்கைகள். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறையும்; 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் இருப்பது, 30 பாகையில் ஏழரை ஆகிவிடும். கூட்டம் மிகுந்த தொட்டிக்கு மே மாதத்தில் மின்தடை வந்தால் சில மணி நேரமே போதும், எல்லாம் முடிந்துவிடும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருங்கள். வெயில் நேரே படும் சன்னலருகே தொட்டியை வைக்காதீர்கள்.

இணை சேர்ந்தபின்

ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று வெளித்தோற்றத்தால் கூறுவது அரிது. நான்கைந்து குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால் அவை தாமே இணை தேர்ந்துகொள்ளும். அன்றுமுதல் தொட்டியின் நிலை மாறும். அகன்ற இலையிலோ செங்குத்தான கல்லிலோ முட்டையிட்டு, இரண்டும் மாறி மாறிச் சிறகால் நீரை வீசிக் காற்றளித்துக் காக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரியும். மேலும் சில நாளில் நீந்தத் தொடங்கும். அந்நாட்களில் பெற்றோர் தொட்டியில் பாதியைத் தமதாக்கிக்கொண்டு, நேற்றுவரை தோழராயிருந்தவரை எல்லாம் மூலைக்கு விரட்டும். இது கெட்ட குணமன்று, தாய்தந்தையின் கடமை. இணை சேர்ந்தால் அவ்விரண்டையும் தனித்தொட்டிக்கு மாற்றுவதே இரு சாராருக்கும் நாம் செய்யும் நீதி.

ஏரியில் விடலாமா?

ஆவடித் தந்தையின் கோபத்துக்கு வருகிறேன். பொருந்தாத மீனைப் பருத்திப்பட்டிலோ, அம்பத்தூர் ஏரியிலோ, செம்பரம்பாக்கத்திலோ விடுவது இரக்கமன்று. பெரும்பாலானவை மடிந்துபோகும். மடியாதவை அதைவிடத் தீங்கு. தொட்டியில் இடம் போதவில்லை என்று எவரோ விட்ட சக்கர் மீன் இன்று தமிழகம், கேரளம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. அதன் முரட்டு முட்கள் மீனவரின் வலைகளைக் கிழிக்கின்றன. நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் அது பறிக்கிறது. விற்பதற்கும் உண்பதற்கும் கொள்வார் அரியர். ஒரு வீட்டின் அவசரம் பல வீடுகளின் பிழைப்பைக் கெடுக்கலாகாது. வேண்டாத மீனை வளர்ப்பவரிடமோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ ஒப்படையுங்கள்.

பையன் எடுத்த முடிவு

அடுத்த சனிக்கிழமை ஆவடி சென்றேன். முதலில் எஞ்சிய மூன்று நியான்களையும் ஒரு வாளிக்கு மாற்றினோம். பிறகு அவனிடமே கேட்டேன்: "தம்பி, இந்த இரண்டடித் தொட்டியில் ஏஞ்சலும் நியானும் சேர்ந்து வாழ வழியில்லை. ஏஞ்சல் மட்டும் வாழவும் இடம் போதாது. மூன்றடித் தொட்டி வாங்க இப்போது வீட்டில் வசதியில்லை என்று அம்மா சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?"

தாய் குறுக்கிட வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன். பையன் வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏஞ்சல்கள் நான்கும் அவன் விரலைக் கண்டு, உணவென்று எண்ணிக் கண்ணாடியருகே வந்து நின்றன. இறுதியில் சொன்னான்: "ஏஞ்சலைப் பூந்தமல்லி மாமா வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் தாத்தா. அவர் வீட்டில் பெரிய தொட்டி சும்மாதான் இருக்கிறது."

பரிசு தந்த அந்த மாமாவின் வீட்டில், சென்ற கோடையில் மின்தடையால் மீன்களை இழந்து வெறுமையாய்க் கிடந்த மூன்றடித் தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கழுவி, வடிகட்டி பொருத்தி, நீர் பக்குவப்பட ஐந்து வாரம் காத்திருந்தோம். அதுவரை ஆவடித் தொட்டியின் நடுவே வலைத் தடுப்பு ஒன்று நின்றது. ஒருபுறம் ஏஞ்சல், மறுபுறம் நியான். பத்து எலுமிச்சை டெட்ராக்களும் ஆறு கோரிகளும் கொளத்தூரிலிருந்து வந்தன. வாங்கச் சென்றபோது கடைக்காரரிடம் மூன்று கேள்விகளையும் கேட்டவன் பையன்தான். அவன் தந்தை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஏஞ்சல்கள் பூந்தமல்லிக்குக் குடிபோயின.

நட்பு என்று ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், அதன் பின்னேயே நட்பாராய்தல் என்று மற்றோர் அதிகாரம் வகுத்தது காரணமின்றி அன்று. அன்பு மட்டும் போதாது, ஆராய்தலும் வேண்டும். நாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவைக்கும் உயிர்களுக்குத் தம் தோழரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் இடமில்லை. அவற்றுக்காக ஆராயும் பொறுப்பு நம்முடையதே.

சென்ற வாரம் அந்தத் தாயை மீண்டும் கண்டேன். ஆவடித் தொட்டியில் மூன்று நியான்களோடு மேலும் ஐந்து சேர்ந்திருக்கின்றன. மகன் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பூந்தமல்லிக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் செய்கிறானாம். மாமாவின் தொட்டி மூடியில் அவன் கைப்பட எழுதிய காகிதம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் இருப்பவை நான்கே சொற்கள்: வாய், வால், வெப்பம், வளர்ச்சி. அதன் கீழே சிறிய எழுத்தில் ஐந்தாவதாக ஒரு வரியை அவனே சேர்த்திருக்கிறான்: "கேட்டுவிட்டு வாங்கவும்."